நவரட்ணத்தாரின் பின்னேரப் படிப்பு

ஒரு குடும்பத்தின் உயர்வும் தாழ்வும் அதன் பின்னேரங்களில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் புத்தகத்தைத் தொடாத வீட்டில் கல்வியும் தங்காது, செல்வமும் தங்காது, அந்த வீடு பெற்ற பிள்ளைகளால் இனமும் தலை நிமிராது.

இதைச் சொன்னவர் நவரட்ணம். சொல்லும்போது பிக்கரிங்கில் இருக்கும் தன் வீட்டு பேஸ்மென்றில், பட்டனை அமத்தினால் கால் தானாக உயரும் கதிரையில், கால் உயர்ந்த நிலையில் இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி ஜெயமலர். அவள் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் அவருடைய காலுறைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர்ச் சங்கத்தின் கல்விக் குழுத் தலைவர் என்ற முறையில் அவர் இதை முதலில் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். இப்போது அதையே வீட்டுக்கும் ஒருக்கால் சொல்லிவைத்தார்.

அவரும் படிக்கிற ஆள்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ற் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கி இரண்டு கோடை போய்விட்டது. அதற்கென்று வாங்கிய தோல் பை கதிரைக்குப் பின்னால், வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் காற்றை உள்ளே இழுக்கிற கம்பித் தட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் கீழே இறங்குவார். "நான் படிக்கப் போறன், ஒருத்தரும் வரப்படாது" என்பார். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து தவில் சத்தம் வரும். படிப்புக்குப் பின்னணி இசை நல்லதென்று எங்கேயோ வாசித்தாராம். தவிலுக்குப் பிறகு குறட்டை வரும். அது எங்கே வாசித்ததென்று அவர் சொன்னதில்லை.

அந்த வருடக் கோடையில் அவருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரைக்கும் வீடு முழுக்கச் சைவம். மீன் பொரிக்கவென்று கராஜுக்குள் வைத்திருந்த காஸ் அடுப்பைக் கழுவி, துணி போட்டு மூடச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த மகள் அட்சயா முட்டை கேட்டபோது, "கந்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றார். தேர் ஓடுவதைப் பெரிய ரீவியில் போட்டு, வேட்டியோடு முன்னால் இருந்து, கண் கலங்கியதைத் தானே படமெடுத்துச் சங்கத்துக் குழுவில் போட்டார். எழுபது பேர் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள்.

பிறகு புரட்டாதி வந்தது. வெயில் தேய்ந்து, ஏழு மணிக்கே இருண்டது. வீதியில் மஞ்சளும் சிவப்புமாய் இலை கொட்டியது. வெள்ளைக்காரர் அதைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு வடக்கே போனார்கள். ஜெயமலர் அதைக் கூட்டி அள்ளிக் கடதாசிப் பைகளுக்குள் திணித்தாள். பனி விழ முந்தி கறிவேப்பிலைச் சாடிகளை வீட்டுக்குள் தூக்கி வைத்தாள். மாரிக் கோட்டுகளை இறக்கினாள். இதெல்லாம் முடிந்த ஒரு குளிர்ந்த இரவில், நவரட்ணம் சுவரிலிருந்த பட்டனை அமத்தி ஹீற்றரைப் போட்டார்.

விடிய எழும்பினால் வீடு நாறியது.

"முதல் நாள் அப்பிடித்தான். தூசி எரியிற மணம்" என்றார் நவரட்ணம்.

மூன்றாம் நாளும் எரிய எந்த வீட்டிலும் தூசி இராது. அது தூசியின் மணமும் இல்லை. ஈரத் துவாய் ஒன்று மூலைக்குள் கிடந்து புளித்து, அதற்குள் ஓர் இறால் செத்து, அந்த இறாலைப் பூனை தின்று சத்தியெடுத்தால் என்ன வெடில் வருமோ, அது. படுக்கையறையிலும் அதே வெடில்தான். குசினியில் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் தேயிலைக்கு முந்தி அதுதான் மூக்குக்குள் போனது. ஜெயமலருக்குத் தலைமயிரில் மணத்தது. வேலைக்குப் போனால் அங்கே பிள்ளைகள் அவள் மடியில் இருந்து எழும்பிப் போனதாக அவளுக்குத் தோன்றியது.

அவள் வேலை செய்தது ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில். உதவியாள். மூக்குத் துடைப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, மற்ற ஆசிரியைகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது. டிப்ளோமா எடுத்தால் அவளும் ஆசிரியை, அவளுக்கென்று ஒரு வகுப்பறை. அதற்காகத்தான் பின்னேர வகுப்பு. சமையல் முடித்து, குசினி மேசையைத் துடைத்து, லப்ரொப்பைத் திறந்து, தூக்கம் கண்ணைக் குத்தக் குத்தப் படித்தாள். அவள் படிப்பதற்குப் பின்னணி இசை பாத்திரம் கழுவும் மெஷின். இன்னும் ஒரே ஒரு தவணைதான் மிச்சம், தைமாதம் தொடங்குவது.

நவரட்ணம் விசாரணையைத் தொடங்கினார். முதலில் சாப்பாட்டுக் கழிவு போடுகிற கிறீன் பின்னைக் குற்றவாளி என்றார். ஜெயமலர் அதைத் திறந்தாள். கோடை முழுக்கச் சேர்ந்த கசிவில் வெள்ளைப் புழுக்கள் சோறு கொதிக்கிறதுபோல நெளிந்தன. கொதிதண்ணி ஊற்றிக் கழுவினாள். மணம் போகவில்லை. கறிவேப்பிலைச் சாடிக்கு அவள் ஊற்றிய மீன் பசளை என்றார். சாடிகள் கராஜுக்குப் போயின. மணம் போகவில்லை. அட்சயாவின் வொலிபோல் சப்பாத்து என்றார்.

"அப்பா, அது போன கிழமை வாங்கின ஷூ" என்றாள் அட்சயா.

"புதுசும் நாறும்."

"எங்கட வீட்டில எல்லாமே நாறுது. பேஸ்மென்றும் நாறுதெல்லே?"

"கீழ குறைவு" என்றார் நவரட்ணம், ஒரு மாதிரிப் பெருமையோடு. "படிக்கிற இடம். நான் சுத்தமா வைச்சிருக்கிறன்."

அது பொய்யில்லை. கம்பித் தட்டி அங்குள்ள காற்றையெல்லாம் உடனுக்குடன் உறிஞ்சி மேல் அறைகளுக்குச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

சந்தேக நபர்கள் எல்லாம் தீர்ந்தபிறகு ஒரு பின்னேரம் அவர் குசினி வாசலில் வந்து நின்றார். ஜெயமலரின் மேசையில் குழந்தைகளின் சுகாதாரம் பற்றிய பாடம் திறந்திருந்தது.

"இஞ்சரும், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கப்படாது. உம்மட படிப்பு வந்தாப் பிறகுதான் வீடு இப்பிடி."

"படிப்பு மணக்குமே?"

"பகிடி விடாதையும். பொம்பிளை கவனிக்காத வீடு மணக்கும். நான் ஒரு கல்விக் குழுத் தலைவர், படிக்க வேண்டாமெண்டு சொல்லேலாது. ஆனா எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. சரஸ்வதி பூசைக்கு ஆக்கள் வருகினம். அதுக்குள்ள உந்த மணம் போகாட்டி, தைமாச வகுப்புக்குப் பதிய வேண்டாம். ஒரு வருஷம் பொறும். ஓடிப்போகாது."

ஓடிப்போகாது என்று அவர் சொன்ன அந்த ஒரு வருடத்தில் ஜெயமலருக்கு ஐம்பது பிறக்கும். அன்றிரவு பாடத்தை மூடிவைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இழுத்து அதன் பின்பக்கத்தைத் தேய்த்தாள். அடுத்த நாள் கார்ப்பெற். அதற்கடுத்த நாள் திரைச்சீலைகள். வினாகிரி ஊற்றித் துடைத்த இடமெல்லாம் வினாகிரியும் செத்த இறாலுமாய் மணத்தது. முழங்காலில் நின்று குளியலறை மூலையைச் சுரண்டும்போது, தன்னுடைய படிப்பே ஓர் அழுக்குப்போலவும் அதைத்தான் தான் சுரண்டி எடுப்பதுபோலவும் அவளுக்கு அருவருத்தது. அதைவிட அருவருத்தது, பாதி நேரம் அவர் சொன்னது சரியோ என்று தானும் யோசித்தது.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கும் நாள் வந்தது. வைத்த புத்தகத்தை அடுத்த நாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. தொட்டால் வித்தை போய்விடும். அட்சயா இரசாயனவியல் புத்தகத்தைச் சந்தோஷமாகவே கொண்டுவந்து வைத்தாள். ஒரு நாள் படிக்கத் தேவையில்லை. ஜெயமலர் தன் பாடப் புத்தகத்தை வைத்தாள்.

"பொறுங்கோ" என்றார் நவரட்ணம். "வீட்டுத் தலைவனும் ஒரு மாணவன்தான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போனார். திரும்பி வரும்போது வலது கையில் தோல் பை. இடது கையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"பார்த்தீரே? சாமியறை வரைக்கும் வந்திட்டுது" என்றார் மூக்குக்குள்ளால்.

ஜெயமலர் மூன்று கிழமையாக அந்த வெடிலோடு வாழ்ந்தவள். அது எந்த அறையில் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அது இப்போது படியேறி வந்தது. அவரோடு வந்தது. அவர் பையைக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூன்றடி தள்ளிப் போனார். வெடில் போகவில்லை, பையோடேயே நின்றது.

அவர் குளிக்கப் போன பிறகு அட்சயா தாயின் காதுக்குள் சொன்னாள். "அம்மா, இற்ஸ் த பாக். சீரியஸ்லி. திறந்து பாப்பம்."

"கையை எடு. சாமிக்கு வைச்சதைத் தொடப்படாது."

"அம்மா, சரஸ்வதிக்கே சத்தி வரும்."

"ஒரு நாள்தானே. பொறுத்துக்கொள்ளுவா" என்றாள் ஜெயமலர். "நானும் மூண்டு கிழமை பொறுத்தனான்."

அன்றிரவு அவள் எதையும் தேய்க்கவில்லை. ஹீற்றர் போட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக நன்றாக நித்திரை கொண்டாள்.

விஜயதசமிப் பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். ஊர்ச் சங்கச் செயலாளர் மகேஸ்வரன் வந்தார். ஸ்காபரோவில் ரேக் அவுட் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அன்புராசா கடலை, அவல், மோதகம் எல்லாம் தட்டில் கொண்டுவந்தான். நவரட்ணம் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. புகைக்குள்ளாலும் வெடில் வந்தது. மகேஸ்வரன் மரியாதையான மனுஷன். லேஞ்சியால் முகம் துடைக்கிற மாதிரி மூக்கை மூடிக்கொண்டார். நவரட்ணம் அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "வீட்டில கொஞ்சம் கவனிப்புக் குறைவு. பொம்பிளையும் படிக்கிறாவெல்லே" என்றார்.

பிறகு பின்னேரங்களைப் பற்றிப் பேசினார். குடும்பத்தின் உயர்வு, கல்வி, செல்வம், இனத்தின் தலை.

பேச்சு முடிந்ததும் புத்தகம் திறந்து ஒவ்வொருவரும் ஒரு வரி வாசிக்கிற முறை. அட்சயா இரசாயனவியலில் ஒரு வரி வாசித்தாள். ஜெயமலர் தன் புத்தகத்தைத் திறந்து, கை கழுவும் பழக்கத்தை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாசித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு வரி வாசியுங்கோவன்."

"நான் எல்லா நாளும் வாசிக்கிறன்தானே. சின்னாக்கள் வாசிச்சாப் போதும்."

"தலைவர் வாசிக்காமல் எப்பிடி?" என்றார் மகேஸ்வரன். "பொறுங்கோ, ஒரு படம் எடுப்பம். குழுவில போடலாம்."

படம் என்றதும் நவரட்ணம் சால்வையைச் சரிசெய்து, பையை மடியில் வைத்தார். சிப்பை இழுத்தார்.

அறையிலிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போனார்கள். வெடில் கையும் காலும் வைத்து எழும்பி வந்தது போலிருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் டப்பா. ஊதிப் பெருத்து, மூடி ஒரு பக்கம் கிளம்பி நின்றது. அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ நுரைத்து வழிந்து, இழுபட்டு, அவருடைய பட்டு வேட்டியில் சொட்டியது. அட்சயா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். மகேஸ்வரன் வாய்க்குள்ளிருந்த மோதகத்தை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றார்.

"ரக்கூன்" என்றார் நவரட்ணம். "உது குப்பை கிளறுற ரக்கூன்ர வேலை. பேஸ்மென்ற் ஜன்னலால வந்து வைச்சிருக்கும்."

"வைச்சிட்டு சிப்பையும் பூட்டிட்டுப் போயிருக்கு" என்று குசினிக்குள்ளிருந்து அட்சயாவின் குரல் வந்தது.

அன்புராசா குனிந்து பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. தன் கடைச் சாமானைக் கண்டால் அடையாளம் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது, அவ்வளவுதான்.

"அண்ணை, உது நான் தந்த கணவாய்ப் பிரட்டலெல்லே? நல்லூர்த் தேரண்டு, கடைக்குப் பின்வாசலால வந்து வாங்கினீங்கள். உறைப்புக் கூடப் போடச் சொன்னீங்கள். ஏனண்ணை சாப்பிடேல்லை, நல்லாயிருக்கேல்லையோ?"

நவரட்ணம் சால்வையால் வேட்டியைத் துடைத்தார். தேரன்று வீட்டுக்கு ஆட்கள் வந்ததில் அதைப் பைக்குள் ஒளித்து, பிறகு அந்தப் பையைத் திறக்கும் தேவை வராததால் மறந்துபோனதை அவர் யாருக்கு விளக்குவார்? மேலே ரீவிக்குள் தேர் ஓட, கீழே பைக்குள் கணவாய் காத்திருந்தது. ஏசிக் குளிரில் கிழமைக் கணக்காகப் பொறுமையாக இருந்துவிட்டு, ஹீற்றர் போட்டதும் தான் இருப்பதை அறிவித்திருக்கிறது.

ஜெயமலர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். டப்பாவை இரண்டு பைக்குள் கட்டினாள். கிறீன் பின்னுக்குக் கொண்டுபோகும் வழியில் கணவனுக்கு முன்னால் நின்றாள்.

"தைமாச வகுப்புக்கு நான் நாளைக்குப் பதியிறன்."

"ம்" என்றார் நவரட்ணம், வேட்டியைப் பார்த்துக்கொண்டு.

மகேஸ்வரன் ஏதாவது நல்லது சொல்ல வேண்டுமென்று நினைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பைக்குள் கைவிட்டு, இரண்டு விரலால் இன்சூரன்ஸ் புத்தகத்தைத் தூக்கினார்.

"நல்ல காலம் அண்ணை, புத்தகம் தப்பிட்டுது."

உண்மைதான். வெளியே நனைந்திருந்ததே தவிர, புத்தகத்தில் ஒரு சொட்டுப் படவில்லை. கடையிலிருந்து வந்த பிளாஸ்ரிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.