ஐசிங்கக்கா நக்காத கரண்டி

பேக்கரியில் அவளுக்கு ஐசிங்கக்கா என்று பேர். கேக்கின் மேல் வரும் பூ, இலை, எழுத்து எல்லாம் அவள் கைவேலை. ஒருமுறை அவள் செய்த சர்க்கரை ரோஜாவில் தேனீ ஒன்று வந்து உட்கார்ந்தது. அது நிஜப் பூ இல்லை என்று தெரிந்ததும், ஏமாந்த ஆத்திரத்தில் நேரே போய் முதலாளியின் மூக்கில் கொட்டியது. முதலாளி வீங்கிய மூக்கோடு வந்து அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. தெரிந்த அன்றே கரண்டியை நக்குவதை விட்டாள். க்ரீமை ருசி பார்க்க வேறு ஆளை வைத்தாள். காலையில் நடை, நேரத்துக்கு மாத்திரை, தட்டில் அளவுச் சாப்பாடு. அவளுடைய கட்டுப்பாட்டைப் பார்த்து மிரண்டு, வீட்டுச் சர்க்கரை டப்பாவில் குடியிருந்த எறும்புகளே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன.

ஆனாலும் விரலைக் குத்திப் பார்க்கும் மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. லேபுக்குப் போகச் சொன்னால், கல்யாண கேக் ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று தள்ளிப்போடுவாள். மெஷினைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டுவதோடு சரி.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"பேக்கரியில வேலை. கொஞ்சம்கூட ருசி பார்க்காம இருக்க முடியுமாக்கா?"

அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாத்திரையின் அளவு கூடியது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அன்று ராத்திரி சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தார்.

"படிச்சவங்க சும்மாவா சொல்வாங்க? எப்பவாச்சும் ஒரு வாய்..."

"உங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா?"

"வேணாம்மா. காலையில வண்டி எடுக்கணும்."

கூட்டிய மாத்திரை சீக்கிரமே வேலையைக் காட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உடம்பு வேர்க்கும், கண் இருட்டும், கை நடுங்கும். கேக்கில் மாப்பிள்ளை பேரை எழுதப்போனாள். அது மின்னல் வெட்டியது மாதிரி விழுந்தது. முதலாளி திட்டவில்லை. எழுத்து வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று தன்மையாகக் கேட்டார். அதற்குப் பதில் அவர் ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மாத்திரைய நானா குறைக்கல. நீங்க சொன்னபடிதான் போடறேன். ஆனா சக்கரை அவ்வளவு ஏறிக் கிடந்தா எனக்கு ஏன் இப்படி வேர்த்து நடுங்குது? எனக்கு இது சரியாப் படல டாக்டரம்மா."

"அடியே, டாக்டர்கிட்டயே எதிர்த்துப் பேசறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதிர்த்துப் பேசல, கேக்கறேன். பிரேக் பிடிக்கலன்னா நீங்க மெக்கானிக்க கேக்க மாட்டீங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நடுங்குதா? இத நீங்க முன்னாடி சொல்லலையே. டெஸ்ட்டு எங்க வச்சு பண்றீங்க?"

"கடையிலதான். ஐசிங் சக்கரைய சலிச்சு முடிச்சதும்."

"கை கழுவிட்டுத்தானே?"

"கழுவினா காயற வரைக்கும் யார் நிக்கறது? ஏப்ரன்ல நல்லா தொடச்சிடுவேன்."

மூன்று பேரும் ஏப்ரனைப் பார்த்தார்கள். அதை ஒரு அண்டா தண்ணீரில் ஊறப்போட்டால் தெருவுக்கே சர்பத் கொடுக்கலாம்.

டாக்டரம்மா அப்படியே ஒரு விரலைக் குத்தினார். எண் எகிறியது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு இன்னொரு விரலைக் குத்தினார். இந்த முறை எண் எவ்வளவு கீழே கிடந்தது என்றால், டாக்டரம்மாவே ஓடிப்போய் ஜூஸ் வாங்கிவந்து, அவள் குடித்து முடிக்கும் வரை எதிரே நின்றார். பிறகு கையிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

ரிசல்ட் வந்ததும் திரும்பக் கூப்பிட்டார்.

"மூணு மாச சராசரியே நல்லா இருக்குக்கா. பழைய மாத்திரை அளவே போதும். அன்னிக்கே நான் விசாரிச்சிருக்கணும், மன்னிச்சுக்கோங்க. ஆனா லேப் டெஸ்ட்டை இனிமே தள்ளிப்போடாதீங்க."

"போடமாட்டேன். அது என் தப்பு." ஐசிங்கக்கா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். "இப்ப சொல்லுங்க. நான் ருசி பார்த்தேனா?"

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, பெஞ்சின் கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னார்: "ஒரு கரண்டிகூட நக்கல! இவங்க மாதிரி உடம்பப் பார்த்துக்கற ஆள நான் இன்னும் பார்க்கல!"

வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் பக்கத்து ஆளின் தோளைத் தட்டி எழுப்பி, "என் சம்சாரம்" என்றார்.

பழைய அளவுக்கு வந்ததும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. அடுத்து வந்த மூன்றடுக்கு கேக்கில், பேரை அவளே எழுதி, யாரும் கேட்காமலே அதற்கடியில் நூல் பிடித்தது போல ஒரு கோடும் இழுத்தாள். முதலாளி கேக்கைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, குனிந்தும் சாய்ந்தும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தச்சரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இத்தனை வருஷமாக அந்த அலமாரி கோணலாக நின்றுகொண்டிருப்பது அன்றைக்குத்தான் கடையில் எல்லோருக்கும் தெரிந்தது.