செருப்பு அவருடையது

அந்தக் காலையில் கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர்: வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வந்து நின்ற அவர் தங்கை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் வந்திருந்த மருமகன்.

அண்ணியின் கவிதை அச்சில் வந்திருக்கிறது என்றுதான் தங்கை ஆரம்பித்தாள். படிக்கும்போதே குரல் உடைந்தது.

நீ இல்லாத வீட்டில்
உன் செருப்பு மட்டும்
தெருவைப் பார்த்து நிற்கிறது.
நான் அதைத் தாண்டிப் போவதில்லை.

அந்த ஊரிலேயே செருப்பைத் தெருவைப் பார்த்து, நூல் பிடித்த மாதிரி நேராக விடுகிற மனிதர் சர்வேயர் ஒருவர்தான். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். குடும்ப விஷயம் சந்திக்கு வந்துவிட்டதே என்ற கோபம் ஒரு பக்கம். அதற்கு அடியில் கிடந்தது வேறு. போன வாரம் அவருக்கு ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவள் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. வீட்டில் சொல்லாததை ஊருக்கு எழுதிவிட்டாளா?

“‘நான்’னு எழுதியிருக்கே. யாரு அது?”

“நான் இல்லீங்க. அது ஒரு வேஷம். நாடகத்துல ராஜாவா வர்றவன் வீட்டுக்குப் போயும் கிரீடத்தோடயா படுக்கிறான்?”

“செருப்பு என்னுது.”

“செருப்பு உங்களுது. சாவுதான் கற்பனை. இருக்கிறதை வச்சுத்தானே இல்லாததை நம்ப வைக்க முடியும்? அனுப்பி நாலு மாசமாச்சு. இப்பத்தான் போட்டிருக்காங்க.”

நாலு மாசம். ஸ்கேனுக்கு வெகு முன்பு. அவர் விரல்கள் நாற்காலிக் கையை விட்டன.

“டாக்டர் ஏன் உன்னைத் தனியாக் கூப்பிட்டாரு?”

“என்னைத் திட்டத்தான். உப்புப் போடுறது நான்தானே.”

மருமகன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனான். “கவிதையில செத்தா ஆயுசு கெட்டி, மாமா.” சர்வேயர் அவனை முறைத்தார். முறைப்பில் பாதி பலம்கூட இல்லை. நெஞ்சுக்குள் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

“அப்படி எதுக்குடி என்னைச் சாகடிச்சே?”

அவள் பத்திரிகையை வாங்கி மடித்தாள். “ஒரு நாள் நீங்க வர லேட்டாச்சு. நினைச்சுப் பாத்தேன். தாங்கல. அதைக் கொண்டுபோய் வேற ஒருத்தி தலையில வச்சேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஆனால் தங்கை வரும் வழியிலேயே ரெண்டு பேரிடம் கவிதையைப் படித்துக் காட்டி அழுதிருந்தாள். சர்வேயர் காலமாகிவிட்டார் என்று மாலைக்குள் தெருமுனை சலவைக்கடை வரை பேச்சு.

பொய். அந்த நேரத்தில் அவர் வாசலில் குனிந்து, தன் செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.