பார்ஷ் நிற்கும் இடம்

டெனிஸ்டனின் விலை பதினெட்டு யூரோ. ஏரியில் ஒரு நாள் தூண்டில் போட அனுமதிச் சீட்டு அவ்வளவுதான். அதற்குள் ஒரு தகப்பன் தன் மகனையும் தேடிக்கொள்ளலாம்.

தகப்பன் யோசப், ஜேர்மனியில், டோர்ட்மண்டில் என் கடைப் பங்காளி. நான் மரக்கறி, அவர் உறைமீன். சித்திரையில், மகன் டெனிஸ்டனைக் கேட்காமலே கனடாவில் பெண் பேசி மண்டபத்துக்கு முற்பணமும் கட்டினார். அழைப்பிதழில் தன் பெயரைப் பார்த்துத்தான் மாப்பிள்ளைக்கே விஷயம் தெரிந்தது. அன்று வீட்டை விட்டுப் போனவன் தகப்பனின் தொலைபேசி எண்ணையும் தடுத்துவிட்டான். யோசப் பிறகு கல்யாணத்தை நிறுத்தினார். அதைச் சொல்ல மகன் இல்லை.

திங்கட்கிழமை அவன் நோர்வேக்கு வேலைக்குப் போய்விடுகிறான் என்று அவனுடைய சிநேகிதன் சொன்னான். சனிக்கிழமைகளில் சவர்லாண்ட் மலைகளுக்குள் இருக்கும் ஓர் அணைக்கட்டு ஏரியில் பார்ஷ் பிடிக்கிறானாம். முதுகில் முள்ளும் உடம்பில் வரியுமுள்ள நன்னீர் மீன். யோசப்பிடம் மீன்பிடி உரிமம் இருந்தது. மகன் வற்புறுத்திப் பரீட்சை எழுத வைத்தது. ஒருநாளும் அவனோடு கூடப் போனதில்லை.

ஏரியைக் கண்டதும் யோசப் காரை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு மலைக்குப் பின்னாலும் தண்ணீர் ஒரு கையை நீட்டிக்கொண்டு போயிருந்தது.

“இதுக்குள்ள எங்க அண்ணை தேடுறது?”

“ஆளைத் தேடாதையும், மீனைத் தேடும். சரக்கு நிக்கிற இடத்திலதான் வாடிக்கைக்காரனும் நிப்பான்.”

கரையில் தூண்டிற்புழு விற்கும் கிழவன் வாயைத் திறக்கவில்லை. மீன் நிற்கும் இடத்தைச் சொல்வதும் மனைவியின் நகைப்பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்வதும் இவர்களுக்கு ஒன்று. ஒரு டப்பாப் புழு வாங்கினேன். குளிர் தொடங்கினால் ஆழத்துக்குப் போய்விடும் என்றான். இன்னொன்று வாங்கினேன்; தரை சட்டென்று சரியும் ஓரத்தில் கூட்டமாக நிற்கும் என்றான். மூன்றாவதற்குத்தான் அவன் விரல் வரைபடத்தில் இறங்கி, பழைய பாலத்தின் தூண்கள் மூழ்கிக் கிடக்கும் வளைவைத் தொட்டது.

“புழுவுக்கே இந்த விலையெண்டால், நாங்கள் ஏன், ஐசே, இறால் விக்கிறம்?” என்றேன். யோசப் அதற்குள் படகுத்துறைக்கு நடந்துவிட்டார்.

வாடகைப் படகில் யோசப் துடுப்புப் போட்டார். நான் நூலில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிக்கொண்டே போனேன். குண்டு தரையில் தட்டியது, தட்டியது, பிறகு ஓரிடத்தில் நூல் நிற்காமல் ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். பனிப்புகாருக்குள் நாலைந்து படகுகள், பூசையில் இருப்பவர்கள் மாதிரி வாய்திறக்காத ஆட்கள். கடைசிப் படகில் சிவப்பு ஜக்கெட்.

“அவன்தான்! இடக்கையால எறியிறான், பாருங்கோ.”

“சத்தம் போடாதையும். கிட்டப் போவம்.”

அவருக்கு ஏலவில்லை. எழுந்து நின்று, கடையின் பின்னறைக்குக் கேட்கக் கூப்பிடுகிற அதே குரலில், “டெனிஸ்டன்! டேய் தம்பி!” என்றார். மலை அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. எல்லாப் படகும் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த ஜேர்மன்காரர் உதட்டில் விரல் வைத்தார்.

சிவப்பு ஜக்கெட் மட்டும் திரும்பவில்லை. தூண்டிலைச் சுற்றியது, நங்கூரத்தைத் தூக்கியது. மின்மோட்டார் சத்தமேயில்லாமல் படகைக் கொண்டுபோனது.

“கலியாணம் இல்லையடா! நிப்பாட்டிப்போட்டன்!”

படகு வளைவில் மறைந்தது. துடுப்பால் துரத்தினோம்; வளைவுக்கு அப்பால் வெறும் தண்ணீர். அது மகன்தானா என்றுகூட என்னால் சத்தியம் செய்ய முடியாது. யோசப்பிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பி அந்தப் படகு நின்ற இடத்துக்கே வந்தோம். கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று யோசப் தூண்டிலை இறக்கினார். உடனே இழுத்தது. கழற்றிப் போட்டார். மறுபடியும் இழுத்தது.

“பிள்ளை நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கிறான், அண்ணை,” என்றார்.

அன்றைய கணக்கு: பார்ஷ் ஆறு, வரவு. சொல்ல வந்த ஒரு சொல், செலவு. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. டெனிஸ்டன், நிலுவை.