கீழ் ஓரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான். கதை எழுதுகிறவன் பொய் சொல்வதில் என்ன அதிசயம் என்று சிரிக்காதீர்கள். இதைக் கதையில் சொல்லவில்லை, பட்டறையில் நின்று சொன்னேன்.

முதல் தொடக்கம்: ‘மழை விடாமல் பெய்தது. வேனின் சுவர்களில் ஈரம் மெல்ல…’

அடித்துவிட்டேன். மழைமேல் பழி போட்டால் மழை மறுத்துப் பேசாது.

2

மூன்று பேர். அக்கா. அவள் கணவர், என் மாமா, இறந்துவிட்டார். பிறகு ஒரு பெயின்டர். (மூன்று பக்கம் எழுதியும் பெயின்டர் மரக்கட்டையாகவே நின்றான். எங்கே குத்தினாலும் அவனுக்கு வலிக்கவில்லை. அவனை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தம்பி. தம்பி நான்தான். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்.)

3

அக்காவும் மாமாவும் கட்டட வேலைக்காரர்கள். வேலை நடக்கும் இடத்துக்கே வீட்டை ஓட்டிப் போகலாம் என்று ஒரு பழைய வேனை வாங்கினார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. வெளியே, தகடுகள் சேரும் இடங்களை மறைத்து அலுமினியப் பட்டை ஓடும். பட்டையின் ஓரத்தில் அடைத்த பசை விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி இரும்புச் சட்டத்தைத் தின்னும். மாமா வருசம் தவறாமல் பழைய பசையைச் சுரண்டி, காயவிட்டு, மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் புதுப் பசை வைப்பார். கீழ் ஓரத்தைத் தொடமாட்டார்.

“கீழயும் ஒரு இழுப்பு இழுத்தா பார்க்க நல்லா இருக்கும்ல மாமா?”

“மச்சான், தண்ணி குடிக்கிறவன் ஒண்ணுக்குப் போகவும் வழி வேணும்டா.”

சிரித்தேன். சோம்பேறி, சாக்குச் சொல்கிறார் என்றும் நினைத்தேன்.

4

மாமா இறந்த வருசம் அக்கா சொன்னாள்: “மழைக்கு முன்னாடி அந்த ஓரமெல்லாம் பூசிக் குடுடா. அவரு இருந்தா உன்கிட்ட வந்து நிப்பேனா?”

அவள் வேலைக்குப் போன பகலில் முடித்தேன். பழைய பசையைச் சுரண்டவில்லை, அதன் மேலேயே வைத்தேன். கீழ் ஓரத்தையும் விடாமல் அடைத்து, விரலால் வழித்து மெழுகினேன். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று பெருமை. போனது வெளியே வர முடியாது என்று தோன்றவில்லை.

5

இரண்டு மழைக்காலம். ஒரு நாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கிய அக்காவின் கால் தரைக்குள் போய்விட்டது.

பட்டறையில் மெக்கானிக் பட்டையை நெம்பினான். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. சட்டத்தை அழுத்தினான், நமத்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

“எந்தப் புண்ணியவான்ணே கீழ அடைச்சது? தண்ணிய உள்ள வச்சு சீல் பண்ணியிருக்கான்.”

அக்கா என் பக்கத்தில் நின்றாள்.

“அது மாமா எப்பவோ பண்ணது. நான் மேல மட்டும்தான்…”*

மெக்கானிக் அக்கா பக்கம் திரும்பினான். “இனிமே இது ரோட்டுல ஓடாதுக்கா. உள்ள எலும்பே இல்ல.”

* (இந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு முறை மாற்றி எழுதினேன். எப்படி எழுதினாலும் அதே பொய்.)

6

அக்கா இப்போது என் வீட்டு முன்னறையில். முன்பெல்லாம் மாமாவை “அவரு” என்பாள்.

“கூடவே இருந்து குழி பறிச்சிட்டுப் போயிட்டான் பாரு. இருந்த ஒரு கூரையும் அவன் கையாலதான் போகணுமா?”

மடித்து வைத்திருந்த அவருடைய சட்டையைக் கிழித்து, போன வாரம் தரை துடைத்தாள். என் வீட்டுத் தரையை.

7

முடிவுகள்.

தம்பி சொல்கிறான், அக்கா அழுது, மன்னிக்கிறாள். (எழுதினேன். காகிதத்தில் மன்னிப்பு மலிவாக இருந்தது.)

தம்பி சொல்கிறான், அக்கா பையைத் தூக்கிக்கொண்டு, போக்கிடம் இல்லாமல்,

தம்பி சொல்லவில்லை. இன்னும் இரண்டு சட்டைகள் இருக்கின்றன.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியது எது அச்சில் வந்தாலும் என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். இதையும் கேட்பாள். மூன்றாம் பகுதிவரை வாசித்துவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற யாராவது எங்கள் தெருவில் இருந்தால், ஒரு பகலில் வாருங்கள். நாலாம் பகுதியை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.