இருமல் நின்ற வீடு

வாடகை நாற்காலிகளை மருமகள் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குக் கால் ஆடியது. மாமனாராக இருந்தால் இந்நேரம் ஒரு மரச்சில்லைச் செதுக்கிச் செருகியிருப்பார். அவர் கூடத்தில், வெள்ளைத் துணிக்கு அடியில், சத்தமில்லாமல் படுத்திருந்தார்.

சத்தமில்லாத மாமனார் அவளுக்குப் புதிது. மர அறுவை மில்லில் காலமெல்லாம் தூள் தின்ற மனிதர். வீட்டுக்குள் அவரை யாரும் தேடியதில்லை, இருமலே காட்டிக்கொடுத்துவிடும். தெருவில் அவருக்கு ரம்பம் என்று பெயர். கல்யாணமான புதிதில் அந்த இருமலுக்குப் பயந்து எழுந்து உட்கார்ந்தவள், பிறகு அது இல்லாமல் தூங்க முடியாதவளாகிவிட்டாள்.

வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கடைசில கஷ்டப்படல. இருமல் சுத்தமா நின்னுபோச்சு. குழந்தையாட்டம் தூங்கினாரு. நான்தான் கதவைச் சாத்தி வெச்சேன், பாத்திரச் சத்தத்துல முழிச்சுடக் கூடாதுன்னு.”

அது உண்மைதான். அவருடைய அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதால், அடியில் செருகித் திறந்து நிறுத்த மாமனார் ஒரு மரத்துண்டு அறுத்து வைத்திருந்தார். அதை மாமியார்தான் காலால் தள்ளி எடுத்தாள். வீடே மெதுவாக நடந்தது. மிக்சியைக்கூட யாரும் போடவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்பாவுக்கு இப்போதுதான் ஓய்வு என்று மகன்கூடச் சொன்னான். இடையில் ஒரு தடவை மாமனார் கண்ணைத் திறந்து, “மெஷினை நிறுத்தியாச்சா?” என்று கேட்டார். “நிறுத்தியாச்சு முதலாளி, நீங்க தூங்குங்க” என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுப்பியும் எழாதவரைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். இருமல் எப்போது நின்றது? மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தாள். மருமகள் ஏதோ நல்ல சேதி சொல்வதைப்போல் சொன்னாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத முகம்.

“குணமாகி நிக்கலம்மா. இருமுறதுக்கே பலம் இல்லாம நின்னிருக்கு. சளி வெளிய வராம உள்ளேயே தங்கி, ரெண்டு நுரையீரலும் நிறைஞ்சுபோச்சு. வயசானவங்களுக்கு இது வந்தா சில சமயம் காய்ச்சல்கூட இருக்காது. சாப்பாடு இறங்காது, சம்பந்தமில்லாம ஏதாவது பேசுவாங்க, தூங்கிட்டே இருப்பாங்க. மூச்சு வேகவேகமா வாங்கியிருக்குமே, யாரும் பாக்கலையா?”

கதவு சாத்தியிருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை இன்றுவரை கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், எதையும் துருவாமல் விடாத அவளுடைய பழைய குணம் தலைதூக்கியது.

“போன்ல நிமோனியான்னு சொன்னீங்க. இருமலே இல்லைன்னு அம்மா சொல்றாங்க. அது எப்படி அண்ணி? டாக்டர் உங்ககிட்டதானே பேசினாங்க? என்ன சொன்னாங்க?”

அவர் முகத்தருகே ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாமியார் விசிறியை நிறுத்தினாள். கூடத்தில் எல்லோரும் மருமகளின் வாயைப் பார்த்தார்கள். மாமியாரிடம் கடைசியாக மிஞ்சியிருந்தது, அவர் நிம்மதியாகப் போனார் என்ற ஒரு வரிதான். அதையும் தன் வாயால் பிடுங்க மருமகளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பொய் சொல்லப்போகிற நேரத்தில் அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

“திடீர்னு வந்துடுச்சாம். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாங்க.”

“முன்னாடியே தெரிஞ்சிருக்காதா?”

“தெரியாதாம்.”

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் மருமகளையே சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி விசிற ஆரம்பித்தாள். ஈ எதுவும் இல்லை.

பிற்பகலில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் நாற்காலிக்காரன் வந்து, கால் ஆடுகிற நாற்காலிக்குச் சண்டை போட்டுவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். நாத்தனார் சுருண்டு படுத்துவிட்டாள். மகனும் குளித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். அவனுக்கும் அதே மில்லில்தான் வேலை. மருமகள் கூடத்தைத் துடைத்தாள். மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இரண்டு பெண்களும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். வறட்டு இருமல், அப்பனுடைய இருமலுக்கு ஒரு மாற்றுக் குறைவு.

“நாளைக்கு அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

“வெறும் தூசி அத்தை. ரெண்டு நாள் லீவு போட்டா நின்னுடும்.”

“நின்னுட்டாலும் கூட்டிட்டுப் போ.”

மருமகளின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமனாரின் அறை மூலையில் கிடந்த மரத்துண்டை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்தாள். மகன் படுத்திருந்த அறைக் கதவை அகலத் திறந்தாள். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு இல்லை. இருந்தாலும் குனிந்து, துண்டை அதன் அடியில் செருகி, அசைகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.