குஷனுக்கு அடியில் சீப்பு

ஆராய்ச்சிக்காக வரும் ஓர்லா வந்து சேர்வதற்கு முன்பே கோல்மன் தலைசீவி, நீலக் கோட்டில் வட்டச் சின்னத்தைக் குத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். 'என் மூளையும் உதவும்' என்று அதில் எழுதியிருக்கும். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்களில் பலரை மறதிநோய் ஐம்பது வயதிலேயே பிடித்துக்கொள்கிறது, ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு அவர்களைக் கூப்பிடுவாரில்லை என்று ஓர்லா நான்கு வருடத்துக்கு முன் அவர்கள் கூடும் பகல்நேர மையத்தில் வந்து பேசியபோது, முதலில் கை தூக்கியவன் இவன்தான். மேடையேறி, "நம்மள யாரும் எதுக்கும் கேக்க மாட்டாங்க. இப்பக் கேக்கறாங்க. வாங்கப்பா" என்றான். பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவன் சிநேகிதி பெர்னிதான் அவர்களில் முதல் ஆள்.

வருடத்துக்கு ஒரு சோதனை. ஓர்லா மூன்று சாமான்களை அவன் கண்ணெதிரே ஒளித்து வைப்பாள். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, எங்கே என்று கேட்பாள். கூட இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. முதல் வருடம் கோல்மன் ஒன்றை விட்டுவிட்டான். அன்று முழுக்க டீயைக்கூடத் தொடவில்லை. பள்ளிக்கூட வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை. வாழ்நாளில் அவன் எழுதிய ஒரே பரீட்சை இது. அக்கா டிம்ப்னாவுக்குப் பொறுக்கவில்லை. ஓர்லா எப்போதும் அதே இடங்களில்தான் வைக்கிறாள் என்று தெரிந்ததும், ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து பாடம் நடத்த ஆரம்பித்தாள். சீப்பு குஷனுக்கு அடியில். கரண்டி ரொட்டிப் பெட்டிக்குள். சாவி கடிகாரத்துக்குப் பின்னால். அடுத்த இரண்டு வருடமும் முழு மதிப்பெண்.

இந்தக் குளிர்காலத்தில் அவன் தண்ணீர் ஊற்றாமல் கெட்டிலைப் போட்டான். பக்கத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் கால்வே நகரத்து மழையில் நின்றான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் தப்பாமல் சொன்னதும், தம்பிக்கு ஒன்றுமில்லை என்று டிம்ப்னா நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே நம்பினாள், பாவம்.

"வந்துட்டியா ஓர்லா? உனக்கு இன்னும் வேற வேல கெடைக்கலியா?" என்றான் கோல்மன்.

"உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தபடி அவள் பையைத் திறந்தாள். இந்த வருடம் இடங்களை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். சீப்பைப் பூச்சாடிக்குள் செருகினாள். கரண்டியும் சாவியும்கூட வேறு இடங்களுக்குப் போயின. டிம்ப்னாவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

பத்து நிமிடம் கழித்துக் கேட்டாள். கோல்மன் நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் ஒப்பித்தான். சீப்பு குஷனுக்கு அடியில். கரண்டி ரொட்டிப் பெட்டிக்குள். சாவி கடிகாரத்துக்குப் பின்னால். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"நான்தான் கண்ணு சொல்லிக் குடுத்தேன்" என்றாள் டிம்ப்னா ஓர்லாவிடம். "மூணு வருஷமா."

ஓர்லா கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "இவருக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது, டிம்ப்னா. அதுக்குத்தானே நான் வந்துட்டிருந்தேன்."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அடுத்த வருடமும் தொடர வேண்டுமானால், இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அவன் தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓர்லா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். கோல்மன் சின்னத்தைத் தடவிப் பார்த்தான்.

"பெர்னிக்காக. அவ வரட்டும், ரெண்டு பேரும் சேந்தே கையெழுத்து போடறோம்."

பெர்னியைப் பிப்ரவரியில் புதைத்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர்களில் இவனும் ஒருவன். ஓர்லா பேனாவை மூடினாள்.

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த கோல்மன் எழுந்தான். "இருங்க, எடுத்துக் காட்டறேன்" என்று குஷனைத் தூக்கினான். பிறகு அடுத்த குஷனை. பிறகு மறுபடி முதல் குஷனை. டிம்ப்னாவின் முழங்கைக்குப் பக்கத்தில், பூச்சாடியின் மஞ்சள் பூக்களுக்கிடையே சீப்பின் பற்கள் தெரிந்தன. இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை.