கதவு எண் 14/2

இரண்டாவது நிலா அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்றிலிருந்து ஏழு மாதம் ஊரில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. இரண்டு மாடி வீட்டின் அளவு, வெந்த செங்கல்லின் நிறம். மின்கம்பங்களுக்குச் சற்று மேலே தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றால்தானே! காலையில் கடைத்தெரு, பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம், மதியம் ஆஸ்பத்திரி, நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி. அதன் வெளிச்சம் ஒருமுறை மேலே பட்டவருக்குக் கால் குறுகுறுக்கத் தொடங்கும், அப்புறம் அடங்காது. முடிதிருத்துபவர் ஒரு கன்னத்தை மழித்த கையோடு நடக்க ஆரம்பித்தார். மறு கன்னத்தை நீட்டியபடி வாடிக்கையாளரும் கூடவே நடந்தார். தெருக்கோடி போவதற்குள் சவரம் முடிந்துவிட்டது. வாத்தியார் நடந்துகொண்டே பாடம் எடுத்தார், பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். நாற்காலிகள் வீட்டுக்குள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆறுகூட ஒரு வெள்ளிக்கிழமை கரையேறி, நெடுஞ்சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து வயலில் படுத்துப் பார்த்துவிட்டு, அங்கும் பிடிக்காமல் திரும்பி வந்தது.

முதல் வாரம் வேடிக்கை, அப்புறம் பயம். பதினேழு பேர் நடந்த கால் நிற்காமல் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்களில் தபால் அலுவலக எழுத்தர் மட்டும் எங்கிருந்தோ ஒரு கடிதம் போட்டிருந்தார், எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு. நடந்தபடியே தூங்கப் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு காலையில் வீங்கிய நெற்றியோடு வேலைக்குப் போனார்கள். எல்லாவற்றையும்விட மோசம் இதுதான்: ஏழு மாதத்தில் ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்த பிள்ளைகளுக்கும் அதே வியாதி. தலையைக் கீழே கொண்டுவந்து அடங்காமல் சுற்றிச் சுற்றி வந்தன. தச்சரின் மனைவி பதினாறாம் மாதத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்ச் சேர்ந்தாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் இறக்கி வைக்க முடியாமல் இடுகாட்டை முப்பது சுற்று சுற்றினார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் நிலாவைப் பற்றிக் கேலி பேசவில்லை.

நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டுகிறவரை ஊரே பசைவாளி என்றுதான் கூப்பிட்டது. இருபத்தாறு வருட உத்தியோகம். அந்த ஊர்க்காரர்கள் கடவுளை எதிர்த்துப் பேசுவார்கள், கமிஷனரை முகத்துக்கு நேரே திட்டுவார்கள், ஆனால் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டால் மறு பேச்சில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பாத்திரம் பண்டத்தோடு காலி செய்துவிடுவார்கள். ஒருமுறை தானியக் கிடங்கில் ஒட்டியதும் எலிகள் வரிசையாக வெளியேறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாததை ஒட்டியதாக அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஒட்டிவிட்டு வந்து எழுதுகிற அறிக்கை ஒரு வரிதான்; அந்த ஒரு வரிக்காக மழையில் நனைந்திருக்கிறார், நாயிடம் கடிபட்டிருக்கிறார், சொந்த மச்சான் வீட்டிலேயே ஒட்டி வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்.

மாடியில் குடியிருந்த அவருடைய ஒரே மகளுக்குப் பன்னிரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பது வெறும் பேச்சுக்கில்லை. அவளும் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நாள் முழுக்க நடந்தாள். கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நர்ஸம்மா தினமும் வந்து, அவளோடு நடந்துகொண்டே வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்.

"நேத்து குறுக்கே இருந்துச்சு, இன்னைக்கு நேரா நிக்குது. என்ன பிள்ளையோ, ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

"இன்னும் எத்தனை நாள் தாங்குவாம்மா?" என்று பசைவாளி கேட்டார்.

நர்ஸம்மா வாசல்வரை நடந்து, அங்கே நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தபடி சொன்னார். "பத்து நாள். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. தச்சர் வீட்டுல நான் இருந்தேன்."

நகராட்சி சும்மா இருக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே நிலாவுக்கு, பொது வழியில் இடையூறு என்ற பிரிவில், காலி செய்யும்படி முதல் நோட்டீஸ் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏறினால் நாலு மணிக்கு அது கைக்கெட்டும். பசைவாளி ஏறி ஒட்டினார். நிலா கண்டுகொள்ளவே இல்லை, நோட்டீஸோடு ஊரைச் சுற்றியது. இரண்டாவதும் அப்படியே. ஊர் சரித்திரத்தில் நோட்டீஸ் தோற்றது அதுவே முதல் முறை. பெரிய மனிதர்கள் அழுதார்கள். ஏழு மாதம் கோப்போடு நடந்து நடந்து தேடியபின் சட்டப்பிரிவு குமாஸ்தா குறையைக் கண்டுபிடித்தார். நோட்டீஸில் கதவு எண் இல்லை. எண் இல்லாத நோட்டீஸ் செல்லாது. எண் இல்லாத இடத்தைக் காலி செய்யச் சொல்ல உலகத்தில் எந்த நகராட்சிக்கும் அதிகாரம் கிடையாது.

"அட, இவ்வளவுதானா? கொடுத்துட்டா போச்சு," என்றார் கமிஷனர், மேசையைச் சுற்றி வந்தபடி. தொட்டியின் எண் 14. அதன் மேலே வருவது 14/2. அன்றே உத்தரவு ஆனது. முதலில் எண்ணைப் போடுவது, அப்புறம் விரட்டுவது என்று திட்டம்.

அன்று நாலு மணிக்குப் பசைவாளி கறுப்புப் பெயின்ட்டோடு தொட்டி உச்சியில் இருந்தார். நிலா வந்தது. தூசி படிந்த சுவரில் பெயின்ட் பிடிக்காது என்பது அவர் தொழிலில் பாலபாடம். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் பக்கவாட்டைத் துடைத்தார். நிலா நடுங்கிக்கொண்டிருந்தது. இடிச் சத்தத்துக்கு மிரண்ட மாட்டின் விலாவைத் தொட்டதுபோல இருந்தது அவருக்கு. ஏழு மாதம் ஊரையே கதிகலங்க வைத்தது தானே பயந்துபோய்க் கிடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவருக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கொஞ்சம் நில்லு. நம்பர் போட வந்திருக்கேன். உன்னை ஒண்ணும் பண்ணலை," என்றார். அது நகர நகர, தொட்டி விளிம்பிலேயே பக்கவாட்டில் நடந்துகொண்டு 1 போட்டார், 4 போட்டார், சாய்கோடு இழுத்தார். 2-இன் வாலை முடித்தபோது நிலா நின்றுவிட்டது. தொட்டிக்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தில், பெருமூச்சு விட்டதுபோல லேசாக இறங்கி நின்றது. நடுக்கம் அடங்கியது.

ஊர் முழுக்க எல்லோரும் அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கடைத்தெருவில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள், பேருந்துப் படியில் உட்கார்ந்தார்கள். முடிதிருத்துபவர் வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்கார, வாடிக்கையாளர் தரையில் உட்கார்ந்தார். கமிஷனர் வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பாராமல், "அம்மா... அம்மா..." என்று முனகினார். பசைவாளியின் மகள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நர்ஸம்மா வந்து முதன்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துப் பார்த்தார். "தலை கீழ வருது. இப்படியே ரெண்டு நாள் விட்டா போதும், தானா இறங்கிடும். இது மட்டும் மறுபடி சுத்த ஆரம்பிச்சா அவ்வளவுதான்." அவளையும் சேர்த்து ஊரில் அப்படி நாற்பத்தொரு பேர். நர்ஸம்மா அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

ஆனால் கமிஷனர் எழுந்துவிட்டார். தலைக்கு மேல் இரண்டு மாடி வீட்டளவு செங்கல் நின்றால் யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? என்றைக்கு விழுமோ என்று ஊரே கேட்டது. மறுநாள் காலையிலேயே இறுதி நோட்டீஸ் தயாரானது, இந்த முறை கதவு எண்ணோடு, எந்தக் குறையும் இல்லாமல். பசைவாளி அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு நின்றார்.

"ஐயா, ரெண்டு நாள் பொறுத்துக்கலாமே. வீட்டுல பொண்ணுக்கு..."

"எனக்குத் தெரியாதா? ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்யா. நம்பர் கொடுத்ததே காலி பண்ணத்தானே? இன்னைக்குள்ள ஒட்டிட்டு அறிக்கை எழுதிக் கொடுங்க."

பசைவாளி தன் வீடு வழியாகத்தான் தொட்டிக்குப் போனார். மாடியிலிருந்து மகளின் சத்தம் கேட்டது, வலி எடுத்துவிட்டது. மனைவி படியில் நின்று, "இப்பப் போய் எங்க கிளம்பிட்டீங்க?" என்று கத்தினாள். வாளியைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார். பயமாக இருந்தது. ஒட்டினால் அது போய்விடும்; அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எலிகளே போயினவே. போகிற வழியெல்லாம் மறுபடி ஊரைச் சுற்றும், வயிற்றிலிருப்பதும் சுற்றும்.

தொட்டி உச்சியில் நிலா அசையாமல் நின்றது. பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. பசைவாளி துண்டை விரித்து அதன் கீழே உட்கார்ந்து, தொடையில் அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதவில்லை. கடைசியில் இருபத்தாறு வருடத்தில் முதல் பொய்யை அழகான கையெழுத்தில் எழுதினார்: "கதவு எண் 14/2-க்கு நேரில் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. குடியிருப்பவர் ஊரில் இல்லை."

கமிஷனர் அதை இரண்டு முறை படித்தார். ஜன்னல் நிறைய நிலா நின்றது; அதன் சிவந்த வெளிச்சத்தில்தான் படித்தார். நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தார், செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"எங்க போயிருக்கு?"

"தெரியலைங்க ஐயா. பக்கத்துல விசாரிச்சேன். யாருக்கும் தெரியலை."

கமிஷனர் ஜன்னலைப் பார்த்தார். அறையில் ஏழு மாதமாக யாரும் உட்காராத அந்த நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பேனாவை எடுத்து, "ஆள் வந்தபின் ஒட்டவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் இரண்டு மணிக்குப் பசைவாளிக்குப் பேத்தி பிறந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் மற்ற நாற்பது பேருக்கும் பிள்ளை பிறந்தது.

கமிஷனர்கள் மாறினார்கள். கோப்பு முடியாததால் வருடத்துக்கு ஒருமுறை இறுதி நோட்டீஸ் வரும். பசைவாளி ஏறிப்போய்ப் பார்த்து, ஆள் இல்லை என்று எழுதி வருவார். தொட்டித் தெருவில் அந்த வெளிச்சத்தில் துணி சீக்கிரம் காய்கிறது என்று பெண்கள் கொடி கட்டினார்கள். எண் மங்கினால் அவரே போய் மேலே ஒரு பூச்சு கொடுப்பார். பேத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த வருடம், அவரோடு தொட்டி உச்சிக்கு ஏறி, அறிக்கையைக் கையில் வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தவள், நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"தாத்தா, இங்கதானே இருக்கு? ஏன் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"நீ பிறக்கணுமே கண்ணு. அதுக்காக முதல்ல ஒரு தடவை எழுதினேன்."

"அதான் நான் பிறந்துட்டேனே."

பசைவாளி நிலாவை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கும் போக வேற இடம் இல்லைம்மா," என்றார். அவள் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிலாவின் அடியில் அவருடைய துண்டை விரித்து உட்கார்ந்தாள்.